கழுகின் இடப்பக்கம்

சட்டைக் கம்பெனியில் அவளுக்குக் கழுகு என்று பெயர். தைத்து முடிந்த சட்டைகள் பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாகப் பார்ப்பது அவள் மேஜையில்தான். ஒரு தையல் தப்பியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தப்பு செய்தவளைக் கூப்பிட்டு, லைனே வேடிக்கை பார்க்க, சட்டையைச் சுருட்டி முகத்தில் எறிவாள். "கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" என்பாள். மேனேஜருக்கு இது பிடித்திருந்தது. திரும்பி வரும் சரக்கு குறைந்திருந்தது.

அதே லைனில் அவள் தங்கை காலர் தைத்தாள். அம்மா போன பிறகு தங்கையை வளர்த்து, வேலை வாங்கிக் கொடுத்து, கூடவே வைத்துக்கொண்டவள் அக்காதான். எல்லோரையும்விட அதிகமாக எறி வாங்கியவளும் தங்கைதான். சொந்தக்காரிக்குச் சலுகை காட்டுகிறாள் என்று ஒருத்தியும் வாய் திறக்கக் கூடாதாம்.

ஒரு நாள் காலை கழுகு அந்த மேஜை மேலேயே சரிந்தாள். மூளையில் ரத்தம் கட்டிவிட்டது. உயிர் பிழைத்ததும் மறுவாழ்வு வார்டுக்கு மாற்றினார்கள். சோர்ந்து கிடந்த இடது கையும் காலும் ஓரளவு தேறின. கண்ணில் கோளாறு இல்லை. ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை விட்டுவிட்டது. வலப்பக்கத்து முடியை மட்டும் வாரிக்கொண்டு "ரெடி" என்பாள். இடது தோள் கதவு நிலையில் இடிக்கும், நிலையைத் திட்டுவாள். அங்கே பயிற்சி கொடுத்தவள் வார்டு மேஜையின் இடது ஓரத்தில் மஞ்சள் டேப் ஒட்டினாள். "டேப் தெரியுற வரைக்கும் கழுத்தைத் திருப்புங்க. அதுக்கப்புறம்தான் பாக்கணும்." டேப் இருந்த இடத்தில் திருப்பினாள். இல்லாத இடத்தில் மறந்தாள். மறந்ததும் அவளுக்குத் தெரியவில்லை.

வேலைக்குப் போகலாம், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

"அக்கா, கம்பெனி மேஜையிலயும் டேப் ஒட்டிடலாமா?" என்று தங்கை கேட்டாள்.

"எதுக்கு? போறவ வர்றவ எல்லாம் என்னான்னு கேக்குறதுக்கா? எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது."

அவள் இல்லாத மாதங்களில் அந்த மேஜையைத் தங்கைதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா வந்ததும் நாற்காலியை விட்டுக் கொடுத்து, ஒரு ஸ்டூலைப் போட்டு அவளுக்கு இடப்பக்கமாக உட்கார்ந்தாள். அக்கா பார்த்துத் தள்ளும் ஒவ்வொரு சட்டையையும் மடிப்பதுபோல் எடுத்து, பார்க்காமல் விட்ட பாதியைப் பார்த்தாள். குறை இருந்தால் சத்தமில்லாமல் கீழே கூடையில் போட்டாள். ஒரு சட்டையும் திரும்பி வரவில்லை.

அதனால் கழுகுக்குப் பழைய தைரியம் வந்தது. பழைய வாயும் வந்தது. "பல்லு புடுங்குன பாம்புன்னு நெனச்சோம், மறுபடி மொளச்சிடுச்சேடி" என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். பட்டன் தைக்கும் பெண் முதல் எறியை வாங்கினாள்.

ஒரு நாள் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும் நேரம். எல்லோரும் எழுந்து நிற்கையில், வலப்பக்கம் வந்து நின்ற தங்கையைக் கழுகு பிடித்துக்கொண்டாள்.

"நீ எதுக்குடி இங்க ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்க? காலர் தைக்க வலிக்குதா? என் பேரச் சொல்லி சும்மா இருந்து சம்பளம் வாங்கலாம்னு பாக்குறியா? போ, உன் மெஷினுக்குப் போ."

கழுகு, தங்கை கையிலிருந்த சட்டையைப் பிடுங்கிச் சுருட்டி அவள் முகத்தில் எறிந்தாள். பட்டன் ஒன்று தங்கையின் உதட்டில் பட்டது. தங்கை ஸ்டூலை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த நாள் அவள் காலரோடு நிற்கவில்லை. பக்கத்து மெஷின்காரியிடம் சிவப்புத் துணி கேட்டு வாங்கி, ஒரு நீலச் சட்டையின் முன்பக்கத்து ஒரு பாதியைப் பிரித்து, அங்கே அதை வைத்துத் தைத்தாள். மேஜையில் விரித்தால் பார்ப்பவரின் இடது கைப் பக்கம் வரும் பாதி அது. தைத்த பெண்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். சட்டை கட்டோடு கட்டாகப் போனது.

கழுகு விரித்தாள். காலர் முனையை நீவினாள். பாக்கெட்டை இழுத்துப் பார்த்தாள். திருப்பிப் போட்டு முதுகைப் பார்த்தாள். ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது, வெட்டினாள். 'பாஸ்' ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளினாள்.

தங்கை போய் மேனேஜரைக் கூட்டி வந்தாள். அவர் அந்தச் சட்டையை மறுபடி அவள் முன் விரித்தார்.

"இன்னொரு தடவை பாரும்மா. அவசரமில்ல."

அவள் பார்த்தாள். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் நிதானமாக, மிடுக்கோடு, ஒவ்வொரு தையலாகப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னால் தன் திறமையைக் காட்டக் கிடைத்த நேரம் என்று நினைத்தாள்.

"ஒரு குறையும் இல்ல சார். நான் பாத்துட்டா அதுக்கு மேல என்ன?"

யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு லைன் முழுக்கச் சிரித்தது. பட்டன் பெண் மேஜையைத் தட்டிச் சிரித்தாள். மேனேஜரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சட்டையை வலப்பக்கம் இழுத்தார். சிவப்பு அவள் பார்வைக்குள் வந்தது.

"இது நான் பாத்த சட்டை இல்ல," என்றாள். "மாத்திட்டீங்க."

"மாத்தலக்கா," என்றாள் தங்கை, எல்லோருக்கும் கேட்கும்படி. "நீ பாதிதான் பாக்குற. ஆஸ்பத்திரியிலேர்ந்தே அப்படித்தான். மீதிய இத்தனை நாளா நான் பாத்தேன்."

கழுகு தலையை வலப்பக்கமாகவே திருப்பித் திருப்பி அந்தக் குரலைத் தேடினாள். தங்கை நின்றது இடப்பக்கம்.

அன்று மாலை வீட்டில் அக்கா விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். தங்கை வந்து விளக்கைப் போட்டாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னேன். டேப் ஒட்டலாம்னும் சொன்னேன். நீ நம்புனியா?"

"அதுக்காக அத்தனை பேரு முன்னாடியா?"

"நீ என்ன, தனியா கூப்பிட்டா எறிஞ்ச?"

தங்கை சமைத்தாள். அக்காவின் தட்டை வலப்பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

மேனேஜர் கழுகை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அவளுக்கே நல்லதாக இருந்திருக்கும் என்று சிலர் சொன்னார்கள். லைனின் கடைசியில், உபரி பட்டனைச் சின்ன கவரில் போட்டு ஒட்டும் வேலையைக் கொடுத்தார். மேஜை தங்கைக்குப் போனது. கழுகு என்று அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை. 'அரைப்படி' என்று கூப்பிட்டார்கள். முதலில் அவள் திரும்பவில்லை. சில நாளில் திரும்ப ஆரம்பித்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் தனியாக உட்காருவாள். பட்டன் பெண் ஒரு நாள் நைசாக வந்து, டிபன் பாக்ஸின் இடது பாதியில் இருந்ததை ஸ்பூனால் அள்ளிக்கொண்டு போனாள். அக்கா தன் பாட்டுக்கு வலப்பக்கத்தைத் தின்றுகொண்டிருந்தாள். தோழிகள் தோளில் தோள் இடித்துச் சிரித்தார்கள். மறுநாள் வேறொருத்தி போனாள். அப்புறம் அது முறை வைத்து நடந்தது. டாக்டர் நன்றாகச் சாப்பிடச் சொல்லியிருந்தார். அவளோ நாளுக்கு நாள் இளைத்தாள். வயிறு காலியாகவே இருப்பது ஏனென்று புரியாமல் மூடியை மூடுவாள்.

தங்கைக்கு மேஜையிலிருந்து அது நன்றாகத் தெரிந்தது. அக்காவின் சாப்பாட்டை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்துக் கொடுத்தாள். எடுத்தவர்களைத் தடுக்கவில்லை.