நாற்பதாவது மாடிக்கு மேலே

விமானத்தின் கதவை இன்னும் சாத்தவில்லை. அதற்குள் லிஃப்ட் மெக்கானிக் மூன்றாவது முறையாக இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டார். பக்கத்திலிருந்த மனைவி அதை எடுத்து மாட்டிவிட்டாள். மகளின் கல்யாணத்துக்கு அவள் தனியாகத்தான் போனாள். இவர் விமான நிலையம் வரை வந்து, அப்படியே வீடு திரும்பியவர். நாளைக் காலை மகளுக்குப் பிரசவ ஆபரேஷன். "அப்பா வரலைன்னா பரவாயில்லம்மா, எனக்குப் பழகிடுச்சு" என்று மகள் போனில் சொன்னது இவர் காதிலும் விழுந்துவிட்டது. இன்றைக்கும் இறங்கிப் போனால் மகள் இனி அப்பா என்று கூப்பிடுவாளா என்பதே சந்தேகம். கதவைச் சாத்தியபோது அந்தப் 'பழகிடுச்சு'தான் அவரை இருக்கையில் பிடித்து வைத்தது.

இத்தனைக்கும் மனிதர் இருபத்தாறு வருஷமாக நாற்பது மாடிக் கட்டடங்களில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று வேலை பார்க்கிறவர். கீழே எட்டிப் பார்த்தால் நமக்குக் குலை நடுங்கும்; அவர் அங்கேயே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுவார். அப்படியென்றால் பயம் உயரத்தால் இல்லை. "அடுத்தவங்க கையில உயிரக் குடுக்க மாட்டீங்க, அதான்" என்றாள் மனைவி. அதுவும் சரியாக வரவில்லை. செல்போனில் பேசிக்கொண்டே பஸ் ஓட்டுகிறவனை நம்பி அவர் வாய் பிளந்து தூங்குவது அவளுக்கே தெரியும். பின்னே எதற்குத்தான் பயம்? டாக்டர் கொடுத்த மாத்திரையைப் போட்டாயிற்று. கண்ணுக்குத் தூக்கம் வந்தது, பயத்துக்கு வரவில்லை. மூச்சை இழுத்து நாலு வரை எண்ணச் சொல்லியிருந்தார்கள். மூன்றுக்கு அப்புறம் என்ன என்று மறந்துபோனது.

விமானம் ஓடி, மூக்கைத் தூக்கி மேலேறியது. காலடியில் 'தடால்' என்று ஒரு சத்தம். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியிலிருந்து குரல் கொடுத்தே பழகிய வாய், யோசிப்பதற்குள் திறந்துகொண்டது.

"யாரும் கதவுகிட்ட போகாதீங்க. அப்படியே அசையாம நில்லுங்க."

பட்டை கட்டி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். "சக்கரம் உள்ள போற சத்தம் சார்" என்றான் பின்னால் ஒருவன். அவருக்குக் கூசிப்போயிற்று. நடைவழிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பெண்ணுக்கோ முகம் வெளிறிவிட்டது. அவள் கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்லம்மா. பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது." ஆயிரம் தடவை சொன்ன அதே குரல், கணீரென்று வந்தது.

"நிஜமாவா?"

லிஃப்டில் மாட்டிக்கொண்ட யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. அங்கே, கூண்டைப் பிடித்து நிறுத்தும் பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரிந்து சொன்னார். இங்கே எதை வைத்துச் சொன்னார்? லிஃப்டில் நின்றவர்கள்தான் எதை வைத்து நம்பினார்கள்? நம்பினார்களா, இல்லை வேறு வழியில்லாமல் சும்மா இருந்தார்களா?

"எம் பொண்ணுக்கு நாளைக்குக் குழந்தை பொறக்கப்போகுதும்மா" என்றார்.

அவள் தலையசைத்தாள். கையை எடுக்கவில்லை. நடைவழிக்குக் குறுக்கே இரண்டு கைகளும் சேர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தன. நடுங்குவது எந்தக் கை என்று அவர் உற்று உற்றுப் பார்த்தார்.