சாம்பார் வண்டிக்குப் புது புஷ்

நேற்றைய சாம்பாரில் கால்வாசியைக் குடித்தது செண்பகத்தின் வண்டிதான். தேர்வாய்கண்டிகையில் புதுக் கம்பெனி கட்டுகிற இடத்துக்குப் போகும் மண்பாதை இருக்கிறதே, மழை பெய்துவிட்டால் அதில் சாதாரண வண்டி எதுவும் நுழையாது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற அவளுடைய பழைய பிக்கப் நுழையும். நுழையும்தான், ஆனால் இடுப்பு ஒடிந்த மாதிரி பின்பக்கம் ஆட, "கீச்சு கீச்சு" என்று ஊரைக் கூட்டிக்கொண்டு நுழையும். அண்டா மூடி எகிறும், சாம்பார் வழியும், முந்நூறு கட்டட ஆட்களுக்கு ஏற்றிய சாப்பாடு இருநூற்றைம்பது பேருக்குப் போய்ச் சேரும்.

சைட் சூப்பர்வைசர் வெங்கடேசன் நேற்று வழிந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். "இன்னாம்மா இது, வண்டிக்கு ஊட்டிட்டு மீதிய எடுத்தாரியா? நாளைக்கு ஒரு சொட்டு சிந்துச்சுன்னா ஆரணி துளசிராமன் வண்டிய வரச் சொல்லிடுவேன். அப்புறம் என்ன கேக்காத."

இந்த ஓட்டம் போனால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவள் மறுபடியும் கம்பெனி பஸ் ஏறி, அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலைக்குப் போக வேண்டும். இரண்டு வருஷமாக ஸ்டியரிங் பிடித்த கை.

சோழவரம் மெக்கானிக் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டான். ஸ்பிரிங் பட்டையின் இரண்டு முனையிலும் இருக்கிற ரப்பர் புஷ் தேய்ந்து தூளாகிவிட்டது, இரும்போடு இரும்பு உரசுகிறது. மாற்றுவதற்குத் திங்கட்கிழமை வரச் சொன்னான். திங்கட்கிழமைவரை யார் காத்திருப்பது? புது புஷ்ஷை வாங்கிக்கொண்டு செண்பகம் வந்துவிட்டாள்.

காலை ஆறரைக்கெல்லாம் கவரைப்பேட்டைச் சமையல் கொட்டகைக்குப் பின்னால் வண்டி ஜாக்கியில் ஏறி நின்றது. கூடமாட ஒத்தாசைக்கு அவள் வீட்டுக்காரரின் தங்கை பிரின்சி, நைட் ஷிப்ட் முடித்த கையோடு வந்திருந்தாள். பிரின்சிக்கு ரப்பர் கம்பெனியில் வேலை. புது புஷ்ஷைக் கையில் வாங்கியதும் அவள் தூக்கமெல்லாம் பறந்துபோனது.

"அண்ணி, இதத்தான் நான் தெனம் எண்ணூறு பண்றேன். எட்டு வருசமா பண்றேன். எங்க போய் மாட்டுறாங்கன்னு இன்னிக்கித்தான் பாக்கறேன்."

"பாத்துக்கினே இருக்காத, அந்தப் பைப்ப எடு."

பட்டையின் துளைக்குள் ஒரு நீள போல்ட்டை விட்டு, மறுபக்கம் பைப் துண்டை முட்டுக்கொடுத்து நட்டை முறுக்கினார்கள். முறுக்க முறுக்கப் பழைய புஷ் கருவாடு மாதிரி காய்ந்து வெளியே வந்தது. புதுசை உள்ளே தள்ள, அண்டா கழுவுகிற சோப்புத் தண்ணீரைத் தடவினார்கள். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. பத்து மணிக்குள் எல்லாம் முடிந்து, செண்பகம் ஸ்பேனர் மேலேயே ஏறி நின்று போல்ட்டுகளை இறுக்கினாள். ஒரு ராணி மாதிரி இறங்கி நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

பிரின்சி மட்டும் குனிந்து பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, பட்டை தொங்கிக்கினு இருக்கும்போதா இறுக்கின?"

"பின்ன? பறந்துக்கினு இருக்கும்போதா இறுக்குவாங்க?"

"போச்சு போ. வண்டி எறங்கி, பாரம் ஏறினா ரப்பர் முறுக்கிக்கும். எங்க கம்பெனில டெஸ்ட் பண்ண மிஷின்ல வச்சி அப்படித்தான் முறுக்கிக் கிழிப்பாங்க. பாரம் ஏத்தி வச்சித்தான் இறுக்கணும். இல்லன்னா இன்னிக்கே பிஞ்சாலும் பிஞ்சிடும்."

ராணிக்கு அங்கேயே தலை சுற்றியது. வண்டியைக் கீழே இறக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, இறுக்கிய அத்தனை போல்ட்டையும் தளர்த்தினாள். சாப்பாட்டை ஏற்றி வைத்து இறுக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. சோறு ஏறிய வண்டி நேரே பந்திக்குத்தான் போக வேண்டும், நடுவில் ஸ்பேனரைத் தொடக்கூடாது என்பது தலைமைச் சமையல்காரி லட்சுமியம்மாள் போட்ட சட்டம். அதை மீறினால் அன்றைக்குச் சோறே கிடையாது.

"அப்ப நீங்கள்லாம் ஏறுங்க" என்றாள் செண்பகம், சமையல் ஆட்களைப் பார்த்து.

முழு லோடு ஏறினால் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கும், அவளுக்கு அது கைப்பாடம். சோறு, சாம்பார், அண்டா எல்லாம் சேர்த்து அறுநூறு கிலோ. எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் போட ஒவ்வொருவரையும் எடை கேட்டாள்.

"ஐம்பது" என்றாள் லட்சுமியம்மாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். அரிசி களைகிற கெங்கம்மாள் நாற்பத்தெட்டு என்றாள். அவளைவிட நான் எப்படிக் கூடுவேன் என்று அடுத்தவள் நாற்பத்தேழு என்றாள். காய் நறுக்குகிற குப்புராஜ் மட்டும் நெஞ்சை நிமிர்த்தி எண்பது என்றான், மின்விசிறி போட்டால் நகர்ந்துவிடுகிற உடம்பு. ஆகமொத்தம் பதினோரு பேர் தேவை என்று கணக்கு வந்தது.

செண்பகம் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டாள். ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒன்பதாவதாக லட்சுமியம்மாள் காலை வைத்ததும் வண்டி சொத்தென்று இறங்கியது. பிரின்சி கையை வைத்துப் பார்த்தாள்.

"அண்ணி, மூணு விரல்தான் கீது."

"யாரோ புளுகிக்கிறீங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "ஒருத்தர் எறங்குங்க."

யாரும் இறங்கவில்லை. எட்டுப் பேரும் லட்சுமியம்மாளைப் பார்த்தார்கள். அவள் ஆகாயத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "சாம்பார் அடிப்பிடிக்கிற வாசன வருது, அதப் பாக்கத்தான் எறங்கறேன்" என்று இறங்கினாள். இடைவெளி கச்சிதமாக நாலு விரலுக்கு வந்தது. மேலே சிரித்த சிரிப்பில் வண்டி குலுங்க, கீழே செண்பகமும் சிரித்துக்கொண்டேதான் போல்ட்டுகளை இறுக்கினாள்.

பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பினாள். மண்பாதையில் நாலு சக்கரத்துக்கும் விசையைப் போட்டு இறக்கினால், என்ன ஆச்சரியம், வண்டி பூனை மாதிரி போகிறது. பள்ளத்தில் இறங்குகிறது, ஏறுகிறது, பின்னால் ஒரு மூடிகூட வாய் திறக்கவில்லை.

சைட்டுக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது. சத்தமில்லாமல் போய்ப் பந்திக் கொட்டகை ஓரம் நிறுத்தினாள். கொட்டகையில் ஒரு ஆளையும் காணோம். எப்போதும் அவள் வருவதற்கு முன்பே வரிசை கேட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஓட்டத்தை அதற்குள் துளசிராமனுக்குக் கொடுத்துவிட்டார்களா?

கொட்டகைக்குப் பின்னால் வெங்கடேசன் போனில் பேசிக்கொண்டிருந்தார். "மணி பன்னண்டரை ஆவுது துளசிராமா, அந்தம்மா வண்டி சத்தத்தையே காணோம். ஒரே பேஜாரு. நீ வண்டிய எட்றா."

"சார், சோறு ஆறுது" என்றாள் செண்பகம், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று.

அவர் கையிலிருந்து போன் நழுவப் பார்த்தது. வந்து வண்டிக்குள் விரலைத் தேய்த்துப் பார்த்தார், வெறும் தூசிதான் ஒட்டியது. மூடியைத் தூக்கினார். சாம்பார் அண்டாவின் கழுத்துவரை தளும்பாமல் நின்றது. "நீ வராத துளசிராமா, நம்ம வண்டியே வந்துருச்சு" என்று சொல்லிப் போனை வைத்தார்.

செண்பகத்துக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் சாப்பிடத்தான் ஆள் வரவில்லை. கம்பி கட்டுகிற மோசஸ் தற்செயலாக அந்தப் பக்கம் வந்து, வண்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"எப்பக்கா வந்த? உன் வண்டி கீச்சு கேட்டாத்தான நாங்க எறங்கிக் கை கழுவுவோம். இன்னிக்கி கேக்கவே இல்ல. அக்காவுக்கு இன்னா ஆச்சோன்னு மேல எல்லாரும் பாதையையே பாத்துக்கினு கீறாங்க."

இரண்டு வருஷமாக அந்தச் சத்தத்துக்கு வெட்கப்பட்டு, தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்குள் நுழைந்தவள் அவள். அதற்காக முந்நூறு பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். செண்பகத்துக்குச் சிரிப்பு பொங்கியது, கூடவே கண்ணும் நிறைந்தது. ஓடிப்போய் வண்டி மேல் ஏறினாள். சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"கீச்சு... கீச்சு... கீச்சு..."

மேலே சுத்தியல் சத்தம் நின்றது. எவனோ விசிலடித்தான். சாரத்தில் இருந்த மஞ்சள் தொப்பிகள் எல்லாம் மடமடவென்று இறங்கி, கை கழுவ ஓடின.