புத்தி அதிகமுள்ள முத்தவல்லி

அல்லாஹ் அறிய, இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

தராபுலுஸ் என்னும் கடலோர நகரில் ஷவ்கத்தின் தாத்தா தம் வெந்நீர்க் குளியல்கூடத்தைக் குடும்ப வக்ஃபாக, அறக்கொடையாக எழுதியபோது, ‘சந்ததியில் புத்தி அதிகமுள்ளவரே இதை நிர்வகிக்கும் முத்தவல்லி’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டுக் கண்ணை மூடினார். முத்தவல்லியான ஷவ்கத்தோ, பளிங்குத் தரை தேய்கிறது என்று கூடத்தையே பூட்டிவிட்டார். ஊர்க் கல்யாணப் பெண்கள் வாளித் தண்ணீரில் குளிப்பதை அவருடைய அண்ணன் மகள் நஜாத்தால் பொறுக்க முடியவில்லை. அவரை நீக்கச் சொல்லிக் காஜியிடம் போனாள்.

குடும்பம் மொத்தமும் வந்து நின்றதில் நீதிமன்றச் சுவர் வெளிப்பக்கம் புடைத்தது. “உங்கள்ல யாருக்குப் புத்தி அதிகம்?” என்றார் காஜி. எல்லாக் கைகளும் ஒரே வீச்சில் மேலே போக, அந்தக் காற்றில் அவருடைய தலைப்பாகை துறைமுகம் வரை பறந்தது.

“பொம்பளைக்கு முத்தவல்லி பதவியா?” என்று சீறினார் ஷவ்கத்.

“புத்தின்னுதான் எழுதியிருக்கு சித்தப்பா, மீசைன்னு எழுதல” என்றாள் நஜாத்.

“வாயாடி! வெந்நி போட்டா ஆளு வரும், ஆளு வந்தா அழுக்கு வரும். நான் பூட்டி வெச்சதாலதான் குளியல்கூடம் சுத்தமா இருக்கு!”

“காஜியாரே, எனக்குச் சாட்சியே வேணாம். இவரை இன்னும் கொஞ்சம் பேச விடுங்க.”

ஷவ்கத் பேசினார். அவர் பேசி முடித்ததும் காஜி சாவியை நஜாத்திடம் கொடுத்தார். அன்றே அவள் அடுப்பு மூட்டினாள். எழுந்த ஆவியில் கடலுக்கு அப்பால் சைப்ரஸ் தீவில் காயப்போட்ட துணிகள்கூட ஈரமாயின.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்: அந்தக் குளியல்கூடத்தை, நஜாத் பிறப்பதற்கு முன்பே ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது.