பூண்டு சர்க்கார்

சவூதியில் அல் கோபாருக்கு வெளியே இருந்த எங்கள் காம்ப்பில் ஒரு சர்க்கார் நடந்தது. குடிமக்கள் முப்பத்து நான்கு பேர். ஒரு அடுப்படி, ஆறு பாத்ரூம். அதற்குப் பூண்டு சர்க்கார் என்று பெயர் வைத்தவன் நான்தான். மரியாதைக்காக வைக்கவில்லை, கேலிக்காக வைத்தேன்.

ஆரம்பித்து வைத்தவர் காம்ப் மானேஜர் மெக்ரே. ஸ்காட்லாந்துக்காரர். 2005இல் சாம்பார் சரியில்லை, தண்ணீர் வரவில்லை என்று நாங்கள் தினமும் அவர் வாசலில் போய் நின்றோம். மனுஷன் நொந்துபோய் ஸ்டோர்கீப்பர் செய்கு அலாவுதீனைக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னார். கீழக்கரைக்காரரான அலாவுதீன் பாய் வந்து எங்களுக்கு விளக்கினார்.

"அவுக ஊரு பெரிய ராஜ்யத்துக்குள்ள இருக்குற சின்ன நாடாம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரிய அவுக சபையே பாத்துக்குமாம். பட்டாளமும் பாஸ்போர்ட்டும் லண்டன் கையிலயாம். அது மாதிரி அடுப்படி, பாத்ரூம், டிவி, நம்ம சண்டை சச்சரவு எல்லாம் நம்ம கையில. வாசல் கேட்டு, பாஸ்போர்ட்டு, லீவு அவரு கையில."

சட்டம் போட ஓட்டு. எழுதத் தெரியாதவர்களும் இருந்ததால் பூண்டுப் பல் போட்டால் சம்மதம், காய்ந்த மிளகாய் போட்டால் மறுப்பு. துண்டு மூடிய டேக்சாப் பாத்திரத்துக்குள் கையை விட்டுப் போட வேண்டும். எண்ணி முடித்ததும் இரண்டும் ரசத்துக்குப் போய்விடும். பாத்ரூமில் பத்து நிமிஷம்தான் என்றார்கள். நான் மிளகாய் போட்டேன். ஒன்பது மணிக்கு டிவியை நிறுத்து என்றார்கள், அதற்கும் மிளகாய். எதற்கென்று கேட்டால் எனக்கே தெரியாது. என் சுபாவம் அப்படி.

சைட்டில் வேலை நிற்காது. அதனால் வாரத்தில் ஒரு ஓய்வு நாள் ஆளுக்கொரு கிழமையில் வரும். ஓய்வில் இருப்பவன் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும் என்று சாரம் கட்டும் லுக்மான் ஒரு நாள் சொன்னான். எனக்கு வந்ததே கோபம்!

"வாரம் பூரா வெயில்ல வேகுறோம். கெடைக்கிற ஒரு நாளையும் உங்களுக்குத் தாரை வாக்கணுமா?"

சட்டையைப் பிடிக்கும் வரை போய்விட்டது. கடைசியில் நானே ஒரு சட்டம் கொண்டுவந்தேன். ஒருவனுடைய ஓய்வு நாளைத் தொடுவதென்றால் எல்லோரும் பூண்டு போட வேண்டும். ஒரு மிளகாய் விழுந்தாலும் கலாஸ், அதோடு முடிந்தது. அது நிறைவேறியது. என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே சட்டம்.

மறு வருஷம் மார்ச்சில் என் மனைவி உமாராணி போன் செய்தாள். வயிற்றில் பெரிய கட்டியாம். மதுரையில் ஒன்பதாம் தேதி ஆபரேஷன்.

"நீங்க வராம நான் தியேட்டருக்குள்ள போக மாட்டேன். செத்தாலும் சரி."

அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்கு லீவு முறை வர இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

அலாவுதீன் பாய் என்னை மெக்ரேயிடம் கூட்டிக்கொண்டு போனார். எனக்குப் பம்ப் ஹவுஸில் டியூட்டி. லீவில் கையெழுத்துப் போடுகிறேன், ஆனால் பம்ப்பில் ஒரு நாளும் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது, இருபத்தொரு நாளுக்கும் ஆளை நீங்களே கொடுங்கள் என்றார் அவர். உபரி ஆள் யாரும் கிடையாது. இருபத்தொரு பேர் ஆளுக்கொரு ஓய்வு நாளை விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. குறுக்கே நின்றது என் சட்டம்.

அன்று சாயங்காலமே ஓட்டு நடந்தது. வரிசையில் நானும் போய்க் கையை விட்டேன். அலாவுதீன் பாய் டேக்சாவைத் தட்டில் கவிழ்த்தார். முப்பத்து மூன்று பூண்டு, ஒரு மிளகாய்.

எல்லோரும் லுக்மானைப் பார்த்தார்கள். அவன் முகம் செத்துப்போனது. "வல்லாஹி, சத்தியமா நான் இல்ல பாய்."

"அவன் இல்ல. அது நான் போட்டது" என்று எழுந்தேன்.

"கிறுக்கா ஒனக்கு? ஏன்டா?" என்று பாய் அதட்டினார்.

"இவங்க கேட்டதுக்கு ஒரு தடவ கூட நான் பூண்டு போட்டதில்ல பாய். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இவங்க ஓய்வ வாங்குவேன்?" அத்தனை பேருக்கு நடுவில் அழுதேன்.

பாய் அந்த மிளகாயை எடுத்து, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த எண்ணெயில் போட்டார். "தன் காரியத்துல தனக்கு ஓட்டு கெடையாது. இப்பப் போட்ட சட்டம். யாருக்காச்சும் மறுப்பு உண்டா?" நெடியில் எல்லோரும் இருமினார்கள். மறுப்பு ஒன்றும் வரவில்லை.

ஒன்பதாம் தேதி காலை உமாராணி என் கையை விட்டுவிட்டுத் தியேட்டருக்குள் போனாள். மூன்று மணி நேரம் கழித்து வெளியே கொண்டுவந்தார்கள். மயக்கம் முழுதாகத் தெளியாமலே, "சாப்ட்டீங்களா?" என்றாள். வராந்தாவுக்கு ஓடி வந்து பாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன். இன்றைக்குப் பம்ப்பில் யார் என்றும் கேட்டேன்.

"லுக்மான். ஒம்பதாந் தேதி தனக்குத்தான் வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டான்."

லுக்மானின் செல்லுக்கு அடித்தேன். மோட்டார் சத்தம்தான் முதலில் கேட்டது. அதற்கு மேலாக அவன் கத்தினான்: "அக்கா எப்புடி இருக்காக?"

நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். "சாப்ட்டீங்களான்னு கேக்குறா" என்றுதான் சொன்னேன். அவன் ஓய்வு நாளில் என் மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.