வால் விரிந்தால் மறையும் பிளவு

எதிர்க் கட்டடத்து செல்போன் கோபுரத்தில் பழுப்பாக ஒரு பறவை வந்து உட்காரத் தொடங்கியது. என் கணவர் அதைக் கரும்பருந்து என்றார். நான் செம்பருந்தின் குஞ்சு என்றேன். வளர்ந்த செம்பருந்துக்குத் தலை வெள்ளை, உடல் செங்கல் நிறம். யாரும் குழம்ப வேண்டியதில்லை. ஆனால் சின்னதில் அதுவும் பழுப்புதான். அப்போது வாலைத்தான் பார்க்க வேண்டும். கரும்பருந்துக்கு நுனி பிளந்திருக்கும், செம்பருந்துக்கு வட்டமாக இருக்கும்.

"பிளந்திருக்கு பாரு."

"எங்க பிளந்திருக்கு? ஊருக்கெல்லாம் கண்ணு பார்த்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கறவருக்கு எதிர்ல இருக்கறது தெரியல."

"அது வாலை விரிச்சிருக்கு. விரிச்சா கரும்பருந்துக்கும் பிளவு மறைஞ்சிடும்."

"அப்ப ஒரு வருஷம் பொறுங்க. தலை வெளுக்கும்."

"உனக்கு வெளுத்த மாதிரியா?"

பறவை வந்த எட்டாவது மாதம் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவருடைய கடைசி வாரத்தில் ஒரு மதியம், தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். "நீ சொன்னதுதான் சரி. செம்பருந்துதான்" என்றார்.

முப்பத்தொரு வருடத்தில் அவர் எதிலும் தோற்றதாக ஒப்புக்கொண்டதில்லை. கடையில் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, முன்னது தெளிவா?" என்று கேட்பார். நாற்காலியை விட்டு எழுந்தால் போதும் என்று சிலர் "இதுதான்" என்பார்களாம். அவர் அதே இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி கேட்பார். குட்டு உடைந்துவிடும்.

நான் மறுபடி கேட்கவில்லை. "சரி, தூங்குங்க" என்றேன்.

அவர் போய் ஒரு வருடமாகிறது. இப்போது கோபுரத்துக்கு இரண்டு பருந்துகள் வருகின்றன. ஒன்று வெள்ளைத்தலை, இன்னொன்று பழுப்பு. எங்களுடையது எது?

கடையைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தன் பைனாகுலரோடு வந்தான்.

"வெள்ளைத்தலைதான் அண்ணி. நீங்க ஜெயிச்சிட்டீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அண்ணனே சொன்னாரே."

"அவர் நெசமாத்தான் சொன்னாரா?"

அவன் பைனாகுலரைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

வெள்ளைத்தலைதான் அது என்றால், ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே அவர் கண்ணால் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார். பழுப்புதான் என்றால், போகிற நேரத்தில் எனக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார். எது எனக்கு வேண்டும் என்றே பிடிபடவில்லை.

இன்று காலை பழுப்பு எழும்பியது. வால் பிளந்திருந்தது, சந்தேகமில்லை. கோபுரத்தைச் சுற்றித் திரும்பும்போது வாலை விரித்தது. பிளவைக் காணோம். பைனாகுலரை இறக்கினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன்.