காயும் வாரம்

சம்மட்டி விட்ட குத்தில் குட்டையனின் பல் ஒன்று கயிற்றைத் தாண்டி வெளியே வந்து விழுந்தது.

"நிறுத்துடா!" என்று மாஸ்டர் கத்துவதற்குள் இன்னும் இரண்டு குத்து போய்விட்டது. குட்டையன் மேடையில் மல்லாந்து கிடந்தான். அவன் செய்த குற்றம் பெரிதாக ஒன்றுமில்லை. பயிற்சிக்கு நடுவே, சம்மட்டியின் கண்ணெதிரில், பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டான்.

குத்துச்சண்டைக் கூடத்தின் பின்கதவில், பச்சைக் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி சம்மட்டியின் மனைவி நின்றிருந்தாள். அவள் கண் ரத்தத்தின் மேல் நிற்கவில்லை. கவிழ்ந்த பாட்டிலிலிருந்து தரையில் ஓடிய தண்ணீரின் மேல் நின்றது. குனிந்து நக்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றிற்று.

முன்னால் கூடம், பின்னால் வீடு. இரண்டுக்கும் மாஸ்டர்தான் ராஜா. சம்மட்டி அவருக்கு மகன், சீடன், கடைசி நம்பிக்கை எல்லாம். சண்டைக்கு முந்தின நாள் தராசில் ஏறும்போது எடை ஒரு துளி கூடினாலும் ஆளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கடைசி எடையைத் தண்ணீரைக் குறைத்துத்தான் இறக்குவார்கள். குடிக்காமல், பிளாஸ்டிக் உடுப்பை மாட்டிக்கொண்டு கயிறு தாண்டி, இருக்கிற எச்சிலையும் டப்பாவில் துப்பி, உடம்பைக் கருவாடாக்க வேண்டும்.

இதற்கு மாஸ்டர் வைத்திருந்த பெயர் காயும் வாரம். அதில் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. சண்டைக்காரன் காய்ந்தால் வீடே காய வேண்டும். அடுப்பு எரியக் கூடாது, வாசனை வந்தால் பையன் மனசு அலையும். சமையலறைக் குழாயின் வால்வை இறுக்கி மூடிவிடுவார். குடிதண்ணீர் கேன்கள் கூடத்தில் இரும்புக் கூண்டுக்குள், எடைக்கற்களோடு பூட்டப்படும். வீட்டு ஆட்களுக்குக் காலையிலும் மாலையிலும் ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர், இரண்டு அவித்த முட்டை. அவ்வளவுதான்.

முன்பெல்லாம் அவளுக்கு இது பெரிய பாடாக இருந்ததில்லை. விடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய்விடுவாள். மீன் வெட்டுகிற வேலை. அங்கே வயிறு முட்டச் சாப்பிட்டு, சொம்பு சொம்பாய்த் தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பினால் யாருக்குத் தெரியப்போகிறது? இப்போது தையல் காயாத உடம்பு. கையில் குழந்தை. வாசலைத் தாண்ட முடியவில்லை.

அன்று காலை நர்ஸ் வந்திருந்தாள். குழந்தையைத் துணித்தூளியில் தொங்கவிட்டு எடை பார்த்தவளின் முகம் சுருங்கிவிட்டது.

"பொறந்தப்ப இருந்த எடையிலேர்ந்து இறங்கிக்கிட்டே போகுதேம்மா. ஒண்ணுக்குப் போகுதா?"

"நேத்துலேர்ந்து துணி அவ்வளவா நனையல."

"நீ என்ன சாப்பிட்டே?"

"முட்டை."

"தண்ணி?"

அவள் குனிந்து குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். நர்ஸ் அவள் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது.

"உன் உடம்பையே உருக்கிப் பால் குடுத்துட்டிருக்கே. இது எத்தனை நாளைக்கு ஓடும்? பசிக்கிறப்பல்லாம் சாப்பிடு. சோறு, பருப்பு, மீன், கீரை, பழம், எதையும் ஒதுக்காதே. பால் குடுக்க உக்காரும்போதே பக்கத்துல சொம்பை வச்சுக்கோ, தாகம் வரும். வந்தா அடக்காதே. நாளைக்குக் காலைல வர்றேன். இன்னும் இறங்கிச்சுன்னா பாப்பாவ ஆஸ்பத்திரியில சேர்த்தே ஆகணும்."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டர் சிரித்தார். "நாளைக்கு மத்தியானம் எடை பார்த்துடுவாங்க சிஸ்டர். அதுவரைக்கும் தாங்காதா?"

"பாப்பாகிட்டயே கேட்டுச் சொல்லுங்க பெரியவரே" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் நர்ஸ்.

இப்போது மத்தியானம். குழந்தை வாய் வைக்கும், நாலு இழுப்பு இழுக்கும், விட்டுவிட்டு வீறிடும். அந்த வீறலும் காலையிலிருந்து கம்மிப்போயிருந்தது. கோழிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம். அது வாய் வைக்கிற ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வாயில் பஞ்சைத் திணித்தாற்போல் தாகம் மூண்டது.

குட்டையனை இழுத்து ஓரத்தில் கிடத்திவிட்டு நிமிர்ந்த மாஸ்டரிடம் போனாள்.

"மாமா, கூண்டுச் சாவியைக் குடுங்க."

"ஒரு நாள்தானேம்மா. பல்லைக் கடிச்சுக்கோ."

"நான் கடிச்சுக்குவேன். அதுக்கு இன்னும் பல்லே முளைக்கல."

"வாய் நீளுது உனக்கு. மூணு புள்ள பெத்தவளோட குடித்தனம் பண்ணவன் நான். நானும் மேடை ஏறினவன். அவ ஒரு நாள் இப்படி வந்து நின்னதில்ல."

"மூணுல ரெண்டு தங்கலையே மாமா."

சொல்லி முடிக்குமுன் அறை விழுந்தது. பயிற்சியில் குத்து வாங்கும் தடித்த தோல் பட்டை மாஸ்டரின் கையிலேயே மாட்டியிருந்தது. காது ஙொய்யென்றது. குழந்தை நழுவாமல் இறுக்கிக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அடித்த பிறகும் அந்த முகத்தில் கோபம் தணியவில்லை. அதற்கும் அடியில் வேறு எதுவோ, பல வருஷமாகப் பூட்டி வைத்தது, துடித்துக்கொண்டிருந்தது.

அவள் உள்ளே போய்க் குழந்தையைத் தொட்டிலில் விட்டாள். வெளியே வந்து, எடைக்கற்களைக் கோக்கும் இரும்புத் தண்டைத் தூக்கினாள்.

முதல் அடியில் பூட்டு அசையவில்லை. இரண்டாவது அடியில் தாழ்ப்பாள் வளைந்தது. மூன்றாவதில் கூண்டின் கதவே பிய்ந்துகொண்டு வந்தது.

"டேய்! உன் பொண்டாட்டிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுடா!" என்று மாஸ்டர் அலறினார்.

அவள் கேனை மடியில் சாய்த்து, மூடியைப் பல்லால் பிய்த்து, அப்படியே வாயில் கவிழ்த்தாள். தண்ணீர் மூக்கிலும் கழுத்திலும் வழிந்தது. மூன்று மடக்கு இறங்கியிருக்கும். சம்மட்டியின் கால் கேனை உதைத்துத் தள்ளியது.

"என் எதிர்லயேவாடி குடிக்கிறே?"

கண்கள் குழிவிழுந்து, உதடு வெடித்து, நாக்கு தடித்துப்போன ஒரு மிருகம் எதிரில் நின்றது. பிளாஸ்டிக் உடுப்புக்குள் வியர்வைகூட இல்லை. வியர்ப்பது எப்போதோ நின்றுபோயிருந்தது.

"புள்ளைக்குப் பால் வரலைங்க..."

குத்து வந்தது. கை மேடைக்கு மட்டும்தான் என்று கல்யாணமான புதிதில் அவள் கையைப் பிடித்துச் சொன்னவன். அந்தக் கை தாடையில் இறங்கியது. அவள் கூண்டின் கம்பியில் மோதிச் சரிந்தாள். அடிவயிற்றுக்குக் கீழே தையல் ஒன்று அறுந்தது. வாய் நிறைய ரத்தம் ஊறியது.

அவன் மயிரைப் பிடித்து இழுத்தான். அவள் அந்த மணிக்கட்டைக் கடித்தாள், எலும்பு தட்டுகிறவரை. அவன் ஊளையிட்டுக் கையை உதற, தரையில் உருண்ட இரும்புத் தண்டு அவள் பிடியில் வந்து உட்கார்ந்தது.

ஆள் உயரச் சூரை மீனின் தலையை ஒரே வெட்டில் எடுக்கிற கை அது. எங்கே போட்டால் எது அறும் என்று அதற்குத் தெரியும். தலை கிட்டத்தில்தான் இருந்தது. நீர் வற்றிய தலை அடி தாங்காது, மண்டைக்குள் ரத்தம் கட்டும் என்று இதே மாஸ்டர் மற்ற பையன்களுக்குச் சொல்லக் கேட்டிருக்கிறாள். தண்டைத் தாழ்த்தினாள். தொடையில் வீசினாள்.

சம்மட்டி அடியற்ற மரமாய் விழுந்தான். அடிபட்ட கால் மட்டுமல்ல, நீரில்லாத உடம்பு முழுக்க இழுத்துக்கொண்டது. இரண்டு கெண்டைச்சதையும் கல்லாய் இறுகின. விரல்கள் கோணிக்கொண்டன. எத்தனையோ பேரை மேடையில் படுக்க வைத்தவன் தரையில் சுருண்டு அம்மா, அம்மா என்று கத்தினான்.

அவள் கூண்டிலிருந்து இன்னொரு கேனை இழுத்தாள். மாஸ்டர் பாய்ந்து வந்தார். கேனைப் பிடுங்கத்தான் வந்தார். பின்னாலிருந்து இரண்டு கைகள் அவரை வளைத்துப் பிடித்தன. குட்டையன். வாயெல்லாம் ரத்தம்.

"விடுங்க மாஸ்டர். அண்ணி குடிக்கட்டும்."

"நன்றி கெட்ட நாயே!"

"என் பல்லு எங்கன்னு காட்டிட்டுத் திட்டுங்க."

அவள் குடித்தாள். அவசரப்படாமல், மூச்சு வாங்கி, மறுபடியும் குடித்தாள். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போய், குழந்தையைத் தூக்கி வந்து அதே கூண்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். துண்டால் மூடி மார்பில் வைத்தாள். குடித்த தண்ணீர் உடனே பாலாகிவிடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் உடம்புக்குள் ஏதோ ஒரு முடிச்சு தளர்ந்தாற்போல் இருந்தது.

"குட்டையா, உன் சாப்பாட்டு டப்பா எங்கே?"

"பையில இருக்கு அண்ணி. எடுத்துக்குங்க. என் வாய் இருக்கிற லட்சணத்துக்கு இன்னிக்கு நான் எங்க தின்ன!"

சோறு, மீன் குழம்பு. ஒரு கையால் அள்ளி அள்ளித் தின்றாள். தாடையில் ஒவ்வொரு மெல்லலுக்கும் உயிர் போயிற்று. விடவில்லை.

"தண்ணி" என்றான் சம்மட்டி தரையிலிருந்து. "ஏய்... தண்ணி குடுடி."

"குடுக்காதே!" மாஸ்டர் குட்டையன் பிடிக்குள் திமிறினார். "டேய், நாளைக்கு எடைடா! இத்தனை வருஷ உழைப்புடா! உயிரே போனாலும் குடிக்காதேடா!"

அவள் புருஷனைப் பார்த்தாள். இரக்கம் வரவில்லை. வெறுப்பும் அப்போதைக்கு வரவில்லை. மீதி இருந்த கேனைக் காலால் அவன் பக்கம் உருட்டிவிட்டாள். குட்டையனை உதறிக்கொண்டு மாஸ்டர் குறுக்கே விழுந்தார். சம்மட்டி பெற்ற தகப்பனின் முகத்தில் முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு, கேனுக்குள் வாயை விட்டான்.

அவள் எழுந்தாள். குழந்தையைத் துண்டோடு மார்பில் இறுக்கிக் கட்டினாள். மாற்றுத் துணி நாலும் இரும்புத் தண்டும் எடுத்துக்கொண்டாள். மூக்கில் ரத்தம் ஒழுக மாஸ்டர் தடுமாறி வந்து வாசலை மறித்தார்.

"இந்த வீட்டை விட்டுப் போனா..."

அவள் தண்டைத் தூக்கினாள். இந்த முறை தாழ்த்தவில்லை. மாஸ்டர் அதைப் பார்த்தார். அவள் கண்ணையும் பார்த்தார். ஒதுங்கினார்.

தெருமுனையில் வாடகை வண்டி நின்றிருந்தது. பின்னால் ஓடி வந்த குட்டையனும் முன்சீட்டில் ஏறிக்கொண்டான். "எனக்கும் அங்கதான் வேலை அண்ணி" என்று வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினான்.

டிரைவர் கண்ணாடியில் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். "யாரும்மா இப்படி அடிச்சது? எங்க போகணும்?"

"ஆஸ்பத்திரிக்கு" என்றாள் அவள். துண்டுக்குள் குழந்தை இழுத்தது, நிறுத்தியது, மறுபடி இழுத்தது. "போற வழியில சாப்பாட்டுக் கடை எது வந்தாலும் முதல்ல அங்க நிறுத்துங்க அண்ணே. இன்னும் பசிக்குது."