ஒன்பதாவது அமர்வு

குழந்தைகள் வார்டில் அவளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் டீச்சர் வேலையை உதறிவிட்டு வந்து எட்டு வருஷம் ஆகிவிட்டது. அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பு எடுத்தாள். கணக்கு வாத்தியார் கடன் வாங்கியதுபோக மிஞ்சிய பீரியடில் பூச்சாடி வரையச் சொல்லித் தந்த காலம் அது. அப்புறம் நாற்பதை நெருங்கும் வயதில் கலைச் சிகிச்சை என்று ஒரு படிப்பு இருப்பது தெரிந்து, சின்னப் பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு வருஷம் படித்தாள். அதன்பின் ஆயிரம் மணி நேரம் மேற்பார்வையில் வேலை பார்த்தாள். அக்கா வீட்டுக்காரர் அவளுக்கு 'கலர் பென்சில் டாக்டர்' என்று பெயர் வைத்தார். "படம் போடறதுக்கு ஒரு சர்டிபிகேட்டா? எங்க வீட்டுச் சுவர் பூரா பசங்க சும்மாவே போட்டு வெச்சிருக்காங்களே" என்று கேட்டுவிட்டு, தானே சிரித்தும் கொள்வார்.

கேலி பேசிய ஒருவராவது அந்த அறைக்குள் எட்டிப் பார்த்ததுண்டா என்றால் கிடையாது. கையில் ஊசிக் குழாயோடு வருகிற பிள்ளை, டாக்டரிடமும் சொல்லாததை, பெற்றவர்களிடமும் சொல்லாததை, ஒரு காகிதத்தில் கிறுக்கிவிட்டு நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்கு முன்னால் முகம் மாறாமல் உட்கார்ந்திருக்கத் தெரிய வேண்டும். ஆயிரம் மணி நேரமும் அதற்குத்தான்.

இப்போது விஷயம் இதுதான். வருகிற முதல் தேதியிலிருந்து, கலைச் சிகிச்சையாளர் சங்கத்தின் பதிவேட்டில் பெயர் இல்லாத யாரும் நோயாளியோடு தனியாக உட்காரக் கூடாது என்று மருத்துவமனை உத்தரவு போட்டுவிட்டது. பதிவு ஆக வேண்டுமானால் ஒரே பிள்ளையோடு பன்னிரண்டு அமர்வுக்குக் குறையாமல், தொடக்கத்திலிருந்து முடிவுவரை வேலை செய்த அறிக்கை ஒன்று போய்ச் சேர வேண்டும். டீச்சரிடம் அப்படி முடிந்த அறிக்கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது வாண்டுவைப் பற்றியது. எல்லோரும் வாண்டு என்று கூப்பிட்ட அந்தப் பெண்ணுக்குப் பதினோரு வயது. பதினாறு அமர்வுகள். 'அமர்வுகள் நிறைவுற்ற காரணம்' என்று சங்கத்தின் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. குணமடைதல், இடமாற்றம், விருப்பமின்மை, மற்றவை. செத்துப்போன குழந்தைக்கு அந்தப் புண்ணியவான்கள் ஒரு கட்டம்கூட ஒதுக்கவில்லை. டீச்சர் 'மற்றவை'யில் டிக் போட்டாள்.

அறிக்கையைப் பெற்றோர் முழுதாகப் படித்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இதற்கான சம்மதத்தை முதல் அமர்விலேயே வாங்கி வைத்திருக்க வேண்டும். டீச்சர் வாங்கவில்லை. அன்றைக்கு வாண்டுவின் அம்மா ஏற்கெனவே ஆபரேஷனுக்கு, மயக்க மருந்துக்கு, ரத்தத்துக்கு என்று வரிசையாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கையில் இன்னொரு தாளைத் திணிக்க மனசு வரவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளியதில் வாங்கிக்கொள்ள வேண்டிய வாரங்களே தீர்ந்துபோயின. வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை மத்தியானம், குழந்தை போன ஆறாவது வாரத்தில், டீச்சர் இருபத்திரண்டு பக்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு அந்த வீட்டுப் படியேறினாள்.

வாண்டுவின் அம்மா லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். கதவைத் திறந்தவள், "வாங்க டீச்சர், வாங்க" என்று சொந்தக்காரியை வரவேற்பதுபோல் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அதைத்தான் டீச்சரால் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். முன்னறைச் சுவரில் ஒரு படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வாண்டு வரைந்த படம். வரைந்தது வரைந்த பிள்ளைக்கே சொந்தம் என்பது இந்தத் தொழிலின் விதி; அதனால் எல்லாப் படங்களையும் டீச்சர் அப்போதே அம்மாவிடம் கொடுத்துவிட்டிருந்தாள். படத்தில் வாண்டுவின் தம்பி, அக்காவின் ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு நிற்கிறான். பை அவன் முழங்கால்வரை தொங்குகிறது.

"எத்தனை அழகா போட்டிருக்கா பாருங்க. அவனுக்கு அந்தப் பை மேல அப்படி ஒரு கண்ணு. அதான் கிண்டல் பண்ணி வரைஞ்சிருக்கா." அம்மா படத்தைப் பார்த்துச் சிரித்தாள். "ஒரு விதத்துல மனசு ஆறுது டீச்சர். எம்பொண்ணு ஒண்ணுமே தெரியாமப் போயிட்டா. கடைசிவரைக்கும் 'ஸ்கூல் எப்பத் தொறக்கும்'னுதான் கேட்டா. டாக்டர், நர்ஸு, உங்ககிட்டகூட நான் காலப் பிடிக்காத குறையாச் சொல்லி வெச்சேன்ல, அவ காதுல எதுவும் விழக் கூடாதுன்னு. அந்த ஒண்ண மட்டும் நான் சரியாப் பண்ணிட்டேன்."

அந்தப் படம் ஒன்பதாவது அமர்வில் வரைந்தது. பையில் இருக்கும் அறிக்கையே அந்த ஒன்பதாவது அமர்வைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருந்தது.

வந்த காரியத்தை மென்று முழுங்கிச் சொன்னாள். வாண்டுவின் அம்மா முழுதாகக் கேட்கக்கூட இல்லை. "இதுக்கா இவ்வளவு தயங்கினீங்க? எங்க போடணும், சொல்லுங்க" என்று பேனாவுக்குக் கையை நீட்டினாள். "அங்க எத்தனை பேப்பர்ல போட்டேன். ஒண்ணையாவது படிச்சேனா?"

பேனா டீச்சரின் விரலிடுக்கில்தான் இருந்தது. கொடுத்துவிட்டால் போதும், பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். அந்தத் தாயின் ஒரே ஆறுதல் சுவரில் தொங்குகிறபடியே தொங்கிக்கொண்டிருக்கும். ஆனால் சங்கத்திலிருந்து பெற்றோருக்குப் போன் போட்டு, படித்தீர்களா, ஒன்பதாவது அமர்வில் என்ன இருந்தது என்று கேட்பார்கள். "இல்லம்மா, நீங்க படிச்சுட்டுத்தான் போடணும்" என்றாள் டீச்சர். சொன்னது மனசாட்சியா, அந்தப் போன் பயமா என்று இன்றுவரை அவளுக்கே பிடிபடவில்லை.

அம்மா வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் நிமிர்ந்தாள். "சேவை பெறுபவர்னா யாரு டீச்சர்?"

"வாண்டுதாம்மா. பேர் எழுதக் கூடாது."

"ஓ." கொஞ்சம் தள்ளிப் படித்துவிட்டு, "முதன்மைப் பராமரிப்பாளர்?"

"நீங்க."

"நானா?" அம்மா சிரித்தேவிட்டாள். "நல்லா இருக்கே, பெரிய உத்தியோகம் மாதிரி."

ஒன்பதாம் பக்கத்தில் விரல் நின்றது. அதே வரியைத் திரும்பப் படித்தாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள். "'சேவை பெறுபவர் தம் உடல்நிலையின் போக்கு குறித்த விழிப்பையும், அதனை முதன்மைப் பராமரிப்பாளர் அறியாதவாறு காக்கும் விழைவையும் வெளிப்படுத்தினார்.' இதுக்கு என்ன அர்த்தம் டீச்சர்?"

"அது வந்தும்மா... உடம்பு சரியில்லைன்னு அவளுக்கும் ஒரு மாதிரி..." டீச்சர் மழுப்பப் பார்த்தாள். வாண்டுவின் அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். இத்தனை மாதம் டாக்டர்கள் மழுப்பியதையெல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகின காது அது.

"தெரியுமா அவளுக்கு?"

டீச்சர் தலையை ஆட்டினாள்.

"பிழைக்க மாட்டோம்னு தெரியுமா?"

"தெரியும்மா."

"இது எந்த வாரம்?"

"ஏப்ரல் மாசம். முதல் வாரம்."

அம்மா விரலை மடக்கி எண்ணினாள். "அப்புறம் ரெண்டு மாசம் இருந்தாளே. ரெண்டு மாசமும் ஸ்கூல் எப்பத் தொறக்கும்னு கேட்டாளே. எனக்காகக் கேட்டாளா? நான் அவளை ஏமாத்திட்டிருந்தேன், அவ என்னை ஏமாத்திட்டிருந்தா. நீங்க ரெண்டு பேரையும் பார்த்துட்டு இருந்தீங்க. கதவுக்கு வெளியதானே உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவளைக் கட்டிப் பிடிச்சு ஒரு தடவை அழுதிருப்பேனே."

ரகசியம் காப்பது முதல் விதி என்று டீச்சர் சொல்லியிருக்கலாம். பிள்ளை சொல்லாதே என்றால் சொல்லக் கூடாது என்று வகுப்பில் படித்தாள், பரீட்சையில் எழுதினாள், அதற்கு நல்ல மார்க்கும் வாங்கினாள். அந்த அறையில் அது வாயில் வரவில்லை. "சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டாம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா அறிக்கையை மடியில் கவிழ்த்து வைத்தாள். குரல் தணிந்துவிட்டது. "என்ன சொன்னா? இதுல இருக்கறது வேணாம். அவ வாயால என்ன சொன்னா? அதை அப்படியே சொல்லுங்க."

டீச்சர் வாயைத் திறந்தாள். அந்த வார்த்தைகள் அகப்படவில்லை.

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாண்டு அழவில்லை. ஆரஞ்சு கிரேயானைச் சுற்றியிருந்த காகிதத்தை நகத்தால் உரித்துக்கொண்டே, பையைப் பற்றி, தம்பியைப் பற்றி, அப்புறம் அந்த விஷயத்தையும் சொன்னாள். அன்றைக்கு நோட்டில் எழுதியதும், முதல் அறிக்கையில் மேற்கோள் குறிக்குள் வைத்ததும் குழந்தையின் வார்த்தைகளைத்தான். மேற்பார்வை செய்த அம்மாளுக்குப் பயிற்சிக்காரிகள் வைத்திருந்த பெயர் 'சிவப்பு மை'. சிவப்பு மை அந்த வாக்கியத்தைச் சுழித்து ஓரத்தில் எழுதினாள்: பேச்சு நடையிலிருந்து அடையாளம் தெரியக்கூடும், தொழில்முறை மொழிக்கு மாற்றவும். டீச்சர் மாற்றினாள். 'சாவு' என்பது 'மரணம்' ஆயிற்று, 'மரணம்' 'உடல்நிலையின் போக்கு' ஆயிற்று. ஆறு தடவை திருத்தியதில் ஆறையும் தலைகீழாக ஒப்பிப்பாள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த ஏழாவதுதான், வாண்டு சொன்னதுதான், எங்கோ போய்விட்டது. சிவப்பு மை இறுதி அறிக்கையை ஒப்புக்கொண்ட மறுநாள் நோட்டையும் பழைய பிரதிகளையும் காகிதம் அரைக்கும் இயந்திரத்தில் போட்டுவிட வேண்டும் என்பது விதி. போட்டாயிற்று.

ஒரு குழந்தை தன் சாவைப் பற்றி நம்பி ஒப்படைத்த வார்த்தையைத் தொலைத்துவிட்டு, அதற்குச் சான்றிதழ் வாங்க வந்திருக்கிறோம் என்று அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது.

"'எனக்குத் தெரியும் டீச்சர், அம்மாகிட்ட சொல்லாதீங்க'ன்னு..." என்று ஆரம்பித்தாள்.

அம்மா முகம் சுருங்கியது. "அம்மான்னா சொன்னா? கோவம் வந்தாத்தான் அவளுக்கு நான் அம்மா. மத்தபடி மம்முதானே."

"ஆமா, மம்மு. மம்முன்னுதான் சொன்னா."

"சொல்லாதீங்கன்னு கெஞ்சினாளா? அவ யார்கிட்டயும் கெஞ்ச மாட்டாளே."

"கெஞ்சலம்மா. கொஞ்சம் கறாராத்தான்..."

"அப்படிச் சொல்லுங்க." வாண்டுவின் அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். கண் சுவரில் இருந்த படத்துக்குப் போயிற்று. "நான் சாப்பிட மாட்டேன்னுதான் அவளுக்குக் கவலை. தட்டை எட்டிப் பார்ப்பா, நான் எவ்வளவு போட்டுக்கறேன்னு. 'மம்முவுக்குத் தெரியாது டீச்சர். தெரிஞ்சா சோறே திங்காது, லூசு. நீங்க கப்சிப்னு இருங்க.' இப்படிச் சொல்லியிருப்பா. இல்ல? இப்படித்தானே டீச்சர்?"

மகளின் குரலிலேயே சொன்னாள். உதட்டைச் சுழித்து, ஒரு விரலை ஆட்டி. டீச்சருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படியும் சொல்லியிருக்கலாம். சோறு என்று ஏதோ சொன்னதாகக்கூட லேசாகப் பட்டது. அது ஞாபகமா, இப்போது கேட்டதால் வந்ததா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. தெரியவில்லை என்று சொல்வதுதான் நேர்மை. எதிரே இருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த மனுஷியாலும் அதைச் சொல்லியிருக்க முடியாது.

"ஆமாம்மா. அப்படியேதான் சொன்னா."

வாண்டுவின் அம்மா அப்போது அழுதாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்க, நெடுநேரம். அழுது முடித்து முகத்தைத் துடைத்துவிட்டு, மிச்சப் பக்கங்களையும் விடாமல் படித்தாள். பேனாவை வாங்கி, இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்புள்ள கையால் இருபத்திரண்டு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

பதிவு கிடைத்தது, அதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அடுத்த மாதம் எண்ணோடு அட்டை வந்தது. ரகசியம் காத்த விதத்தையும், அறிக்கையின் மொழிக் கட்டுப்பாட்டையும் தேர்வாளர்கள் தனியாகப் பாராட்டி எழுதியிருந்தார்கள். அக்கா வீட்டுக்காரர்கூட வாயடைத்துப்போய் இனிப்பு வாங்கி வந்தார். டீச்சர் அந்த அட்டையை யாருக்கும் காட்டவில்லை.

ஆனால் அந்தப் புதன்கிழமை இன்னும் முடிந்திருக்கவில்லை. தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு அவள் எழுந்தபோது, வாண்டுவின் அம்மா அவள் கையைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தாள்.

"டீச்சர், நான் சொன்னா அது நான் சொல்ற மாதிரி இருக்கு. காதால கேட்டவங்க நீங்கதானே. ஒரே ஒரு தடவை நீங்க சொல்லுங்களேன், எம்பொண்ணு சொன்னதை."

டீச்சர் பையைக் கீழே வைத்தாள். சற்று முன் அந்தத் தாயின் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை, ஒன்று விடாமல், மகள் சொன்னதாகத் திருப்பிச் சொன்னாள்.